பதிமூன்றாவது தட்டு

1980 மார்ச்சில் ஜெனிசிஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' என்ற பாட்டை வெளியிட்டது. நான்கு நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. ஒருமுறை கேட்டாலே மெட்டு மனதில் ஒட்டிக்கொள்ளும். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம்வரை ஏறியது. அதைக் கேட்டுக்கொண்டே தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். மற்ற ராக் பாட்டுகளுக்குப் போடுவதைப்போல நான்கு நான்காகத் தட்டினால், சிறிது நேரத்திலேயே கை ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் போய்விடும். அந்தப் பாட்டின் அடிப்படைச் சுற்று முதலில் 6, பிறகு 7 என்று மொத்தம் 13 தட்டுகள் கொண்டது. வானொலியில் அதைக் கேட்டு ரசித்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்காமலே ரசிக்க முடிகிற விதத்தில்தான் அது கட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தின் பெயர் 'ட்யூக்'. ஜெனிசிஸ் குழு பிரிட்டனில் முதன்முறையாக முதலிடம் பிடித்தது அந்த ஆல்பத்தின் மூலம்தான். குழுவின் பழைய ரசிகர்களில் ஒரு சாரார் அதன்மேல் சுமத்திய குற்றச்சாட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓயவில்லை. நீண்ட, கடினமான, கற்பனை வளம் மிக்க இசையை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள் பணத்துக்கும் புகழுக்கும் ஆசைப்பட்டு எளிய காதல் பாட்டுகளுக்கு இறங்கிவிட்டார்கள், அந்தச் சறுக்கலின் நடுப்படி 'ட்யூக்' என்பது அவர்கள் வாதம். எதிர்த் தரப்பு இதே ஆல்பத்தை, பழைய பாணியின் கடைசி மிச்சம் என்று பரிவோடு பாராட்டுகிறது. இரு தரப்புக்கும் அது ஒரு பாலம் மட்டுமே. ஒருவர் அதில் ஏறிய இடத்தைப் பார்க்கிறார், மற்றவர் இறங்கிய இடத்தைப் பார்க்கிறார். என் வாதம் வேறு. 'ட்யூக்' ஆல்பத்தில் கடினம் குறையவில்லை, பாட்டின் நீளத்திலிருந்து பாட்டின் உள்ளுக்கு இடம் மாறியது. அந்த இடமாற்றம் ஒரு கலைச் சாதனை. முன்னால் வந்ததையும் பின்னால் வந்ததையும் வைத்து அதை அளப்பது அநியாயம்.

முதலில், இழந்துவிட்டதாகச் சொல்லப்படுவது எது என்று பார்க்க வேண்டும். 1960களின் கடைசியிலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தில் செழித்த ராக் வகைக்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர். கிங் கிரிம்சன், யெஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், ஜெனிசிஸ் ஆகியவை அதன் முக்கியக் குழுக்கள். இரண்டு சரணம், ஒரு பல்லவி, மூன்று நிமிடம் என்ற பாப் பாட்டின் அளவை அவர்கள் உடைத்தார்கள். ஐரோப்பியச் செவ்வியல் இசையிலிருந்து பல பகுதிகள் கொண்ட நெடிய வடிவங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைப்படைத் தாளங்கள், அடிக்கடி மாறும் சுருதி, மெல்லோட்ரான் போன்ற கீபோர்டுகள், புராணமும் கனவும் கலந்த கதைகள் எல்லாம் அதில் உண்டு. சில சமயம் இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே பாட்டு நிறைத்துவிடும். இப்படிப்பட்ட இசையைப் பொறுமையோடு கேட்டுப் பழகிய ரசிகர்களிடம் ஒரு சமன்பாடு படிந்துபோனது: நீளம் என்றால் ஆழம், சுருக்கம் என்றால் மலிவு. ஜெனிசிஸ் மீதான குற்றச்சாட்டு முழுவதும் இந்தச் சமன்பாட்டின்மேல்தான் நிற்கிறது.

ஜெனிசிஸின் சொந்த வரலாறே இந்தச் சமன்பாட்டுக்கு ஒத்துவருவதில்லை. சர்ரே பகுதியிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் என்ற உறைவிடப் பள்ளியில் படித்த மாணவர்கள் 1967இல் தொடங்கிய குழு அது. பாடகர் பீட்டர் கேப்ரியல், கீபோர்டு வாசித்த டோனி பேங்க்ஸ், கிட்டார் வாசித்த மைக் ரதர்ஃபோர்டு, ஆந்தனி ஃபிலிப்ஸ் ஆகியோர் தொடக்கத்தில் மேடைக் கலைஞர்களாக வர நினைக்கவில்லை, பாட்டு எழுதுபவர்களாகவே வர நினைத்தார்கள். 1969இல் வந்த முதல் ஆல்பம் முழுக்கச் சின்னஞ்சிறு பாப் பாட்டுகள்தான். அது விற்கவில்லை. நீண்ட வடிவத்துக்கு அவர்கள் போனது அதன் பிறகே. 1970இல் டிரம்ஸ் வாசிக்க ஃபில் காலின்ஸும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கிட்டார் வாசிக்க ஸ்டீவ் ஹேக்கெட்டும் சேர்ந்தார்கள். 1972இல் 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தில் வந்த 'சப்பர்ஸ் ரெடி' ஏறத்தாழ 23 நிமிடம் நீண்டது. 1974இல் இரட்டை இசைத்தட்டாக வெளியான 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' முழுவதும் ஒரே கதை. ஆக, இவர்களுக்கு நெடும்பாட்டு பிறந்த வீடு கிடையாது. குறும்பாட்டில் பிறந்து, நெடும்பாட்டில் வளர்ந்து, இரண்டையும் கற்றவர்கள் இவர்கள். பின்னாளில் குறும்பாட்டுக்குத் திரும்பியதை வெறும் வீழ்ச்சி என்று படிப்பவர்கள் இந்த முதல் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டே படிக்கிறார்கள்.

1975இல் கேப்ரியல் விலகினார். மேடையில் நரித்தலையும் சிவப்பு கவுனும் அணிந்து வந்து கதைமாந்தராகவே மாறிய பாடகர் இல்லாமல் குழு பிழைக்காது என்று பலரும் கணித்தார்கள். டிரம்ஸ் வாசித்த காலின்ஸே பாடத் தொடங்கினார், 1976இல் இரண்டு ஆல்பங்கள் வந்தன, குழு பிழைத்தது. 1977இல் ஹேக்கெட்டும் விலகினார். மிஞ்சிய மூவர் 1978இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரே, பிறகு மூவர் இருந்தனர் என்று பொருள்படும். அதில் 11 பாட்டுகள். முந்தைய ஆல்பங்களோடு ஒப்பிட்டால் எல்லாம் குறுகியவை. கடைசிப் பாட்டான 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' நேரடியான, மென்மையான காதல் பாட்டு. பிரிட்டனில் 7ஆம் இடத்துக்கு வந்து, குழுவின் முதல் பெரிய சிங்கிள் வெற்றியானது. அதுவரை பெரும்பாலும் இளைஞர்களே நிறைந்திருந்த அரங்குகளில் அந்தப் பாட்டுக்குப் பிறகு பெண்களும் வரத் தொடங்கினார்கள் என்று குழுவினரே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். குற்றச்சாட்டு முளைத்ததும் அப்போதுதான். 1976க்குப் பிறகு எழுந்த பங்க் அலை, நீளமான இசையை வாசிக்கும் குழுக்களைக் காலாவதியான ஆடம்பரம் என்று தாக்கிக்கொண்டிருந்ததால், அந்தப் பயத்தில் இவர்கள் சுருங்கினார்கள் என்ற விளக்கமும் சேர்ந்துகொண்டது.

பயம்தான் காரணம் என்றால் அடுத்த ஆல்பம் இன்னும் எளிமையாகவும் இன்னும் பாதுகாப்பாகவும் இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1978இன் நீண்ட உலகப் பயணம் காலின்ஸின் குடும்ப வாழ்க்கையை உடைத்தது. மணவாழ்க்கையைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று அவர் கனடாவின் வான்கூவருக்குப் போனார். அந்த இடைவெளியில் பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் தனித்தனியாக ஆளுக்கு ஓர் ஆல்பம் செய்தார்கள். முயற்சி பலிக்காமல் காலின்ஸ் இங்கிலாந்து திரும்பி, சர்ரேயிலுள்ள தன் வீட்டில் ஒரு டிரம் மெஷினும் பியானோவுமாகத் தனியே பாட்டு எழுதத் தொடங்கினார். மற்ற இருவரும் அந்த வீட்டுக்கே வந்து சேர, மூவருமாக உட்கார்ந்து புதிய இசையை உருவாக்கினார்கள். முந்தைய ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் தனி ஆட்கள் எழுதிக் கொண்டுவந்தவை. இந்த முறை ஒருவர் வாசிக்க மற்றவர் பிடித்துக்கொள்ள, கூட்டாக வளர்ந்த இசையே ஆல்பத்தின் முதுகெலும்பானது. 1979இன் கடைசி மாதங்களில் ஸ்டாக்ஹோமில், ஆபா குழுவினர் அமைத்த போலார் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. பழைய கூட்டாளி டேவிட் ஹென்ட்ஷெல் குழுவோடு சேர்ந்து தயாரித்தார்.

அந்தக் கூட்டு உழைப்பில் பிறந்தது ஆறு பகுதிகள் கொண்ட ஒரு தொடர். 'பிஹைண்ட் தி லைன்ஸ்', 'டச்சஸ்', 'கைடு வோகல்', 'டர்ன் இட் ஆன் அகெய்ன்', 'ட்யூக்ஸ் டிராவல்ஸ்', 'ட்யூக்ஸ் எண்ட்' என்று வரிசையாக வாசித்தால் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். 'சப்பர்ஸ் ரெடி'யைவிட நீளம். ஆல்பர்ட் என்றொரு மனிதனின் கதையாக அதைச் சேர்த்துக் கட்டினார்கள். அதை இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அப்படியே வைத்திருந்தால் பழைய ரசிகர்கள் கொண்டாடியிருப்பார்கள். குழு அப்படிச் செய்யவில்லை. 'சப்பர்ஸ் ரெடி'யோடு ஒப்பிடுவார்கள் என்பதால் தொடரைப் பிரித்து ஆல்பம் முழுவதும் பரப்பிவிட்டார்கள். முதல் மூன்று பகுதிகள் தொடக்கத்தில் நிற்கின்றன, நான்காவது இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, கடைசி இரண்டும் முடிவில் வருகின்றன. இடைவெளிகளில் மூவரும் ஆளுக்கு இரண்டாக எழுதிய ஆறு தனிப்பாட்டுகள் அமர்ந்தன. ஆல்பம் வெளியான அதே 1980இல் நடந்த இசைப்பயணத்தில் காலின்ஸ் ஆல்பர்ட்டின் கதையைச் சொல்ல, குழு ஆறு பகுதிகளையும் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து வாசித்தது. அதாவது நெடிய வடிவம் அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. அதை எங்கே முழுதாகக் காட்டுவது, எங்கே மறைத்து வைப்பது என்பதை அவர்கள் தெரிந்தே தீர்மானித்தார்கள்.

தொடரைத் துண்டாக்கியதே வானொலிக்கு வளைந்ததற்குச் சான்று என்று ஒருவர் வாதிடலாம். வானொலிக்குத் துண்டு வேண்டும் என்பது உண்மைதான், 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' அப்படித்தான் வானொலிக்குப் போனது. ஆனால் ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிட்டுக் கேளுங்கள். கீபோர்டும் டிரம்ஸும் முழங்க இரண்டு நிமிடம் கழிந்த பிறகே முதல் சொல் வருகிறது. அடுத்த பாட்டான 'டச்சஸ்' நீண்ட நேரம் சொல் இல்லாமல் மெல்லத் திரள்கிறது. ஆல்பத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி வாத்திய இசை. விற்பனையை மட்டும் கணக்கிட்டவர்கள் கடையின் வாசலையும் கொல்லையையும் இப்படி அமைத்திருக்க மாட்டார்கள். பிரித்து வைத்ததால் கிடைத்த பலன் ஒன்றும் உண்டு. 'கைடு வோகல்' ஏறத்தாழ ஒன்றரை நிமிடமே நீளும், தணிந்த குரலில் ஒரு விடைபெறல். கேட்பவர் அதை அப்போதே மறந்துவிடக்கூடும். வேறு பல பாட்டுகள் கடந்துபோனபின், 'ட்யூக்ஸ் டிராவல்ஸ்' உச்சத்தை எட்டும் இடத்தில் அதே மெட்டு முழு வேகத்தோடும் முழுக் குரலோடும் திரும்பி வருகிறது. கர்நாடகக் கச்சேரியில் நீண்ட ஸ்வரக் கோவைகளுக்குப் பின் பாடகர் பல்லவியின் எடுப்பில் வந்து விழும்போது நமக்குள் எழும் நிறைவு போன்றது அது. தொடர் ஒரே மூச்சில் ஓடியிருந்தால் அந்த மெட்டு சற்று முன் கேட்டதாக இருந்திருக்கும். பிரித்ததால் அது நினைவிலிருந்து எழுந்து வருகிறது.

இப்போது 13 தட்டுகளுக்குத் திரும்பலாம். 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் தங்கள் தனி ஆல்பங்களில் பயன்படுத்தாமல் விட்ட இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பாட்டு. அதில் வரும் மனிதன் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னிருந்து எழுந்திருக்க முடியாதவன், திரையில் தோன்றுபவர்களையே தன் நண்பர்கள் என்று எண்ணிக்கொள்பவன். பாட்டின் தாளம் அவனுடைய நிலையையே சொல்கிறது. 12இல் முடிந்திருந்தால் சுற்று சமனாகி, கேட்பவர் மூச்சு விட்டிருப்பார். ஒரு தட்டு கூடுதலாக வருவதால் சுற்று ஒருபோதும் அமரவே அமராது, அடுத்த சுற்றுக்குள் நம்மைத் தள்ளிவிடுகிறது. மறுபடி போடு, மறுபடி போடு என்ற அவனுடைய தவிப்பு அந்தப் பதிமூன்றாவது தட்டில் இருக்கிறது. பழைய ஜெனிசிஸில் ஒற்றைப்படைத் தாளம் வரும்போது அது தன்னை அறிவித்துக்கொண்டு வரும், வாத்தியக்காரரின் திறமையாக மேடையில் நிற்கும். இங்கே அது பாத்திரத்தின் மனநிலைக்குள் கரைந்துவிட்டது. கணக்கு தெரிந்தவர் வியக்கலாம், தெரியாதவருக்கும் அதே பதற்றம் போய்ச் சேரும். கலையின் நுட்பம் எல்லோருக்கும் வேலை செய்வதை இறக்கம் என்று எப்படிச் சொல்ல முடியும்? விலகிப்போன கேப்ரியலும் 1977இல் தன் முதல் தனிப்பாட்டான 'சால்ஸ்பரி ஹில்'லில் இதையேதான் செய்தார். 7 தட்டுச் சுற்றில் ஓடும் அந்தப் பாட்டை இன்றும் உலகம் முழுக்க எளிய பாட்டாகவே முணுமுணுக்கிறார்கள்.

'டச்சஸ்' பாட்டில் வேறொரு சான்று இருக்கிறது. ஜெனிசிஸ் முதன்முதலாக டிரம் மெஷினைப் பயன்படுத்தியது இதில்தான். ரோலண்ட் நிறுவனத்தின் சி.ஆர்.-78 என்ற கருவி அது. காலப்போக்கில் இந்தக் கருவியே குழுவின் எளிமைப்படலுக்குச் சின்னமாகக் காட்டப்பட்டது. இந்தப் பாட்டில் அதன் வேலை என்ன என்று கேட்டால் கதை மாறிவிடும். வெறும் அறையில் கடிகாரம் ஓடுவதுபோல் அது தனியாகத் துடித்துக்கொண்டிருக்க, பியானோ தூரத்திலிருந்து வருகிறது. பிறகு காலின்ஸின் அசல் டிரம்ஸ் உள்ளே நுழையும்போது வெற்று மேடைமேல் விளக்கு எரிந்ததுபோல் இருக்கும். பாட்டின் பொருள் ஒரு பாடகியின் ஏற்றமும் இறக்கமும். இளமையில் யாருக்காகவும் யோசிக்காமல் தன் போக்கில் பாடுகிறாள், கூட்டம் இன்னும் இன்னும் என்று கேட்கிறது. பிறகு கூட்டத்துக்கு எது பிடிக்கும் என்று யோசித்துப் பாட வேண்டியதாகிறது. கடைசியில் கேட்க யாரும் இல்லை, கேட்ட காலத்தின் கனவு மட்டும் மிஞ்சுகிறது. ரசிகர்களைப் புதிதாகத் தேடிச் செல்லும் குழு, அந்தத் தேடலில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதையே அந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டாக வைத்திருக்கிறது. தங்களை விற்கிறோம் என்று அறியாமல் விற்பவர்கள் இப்படி ஒரு பாட்டை எழுத மாட்டார்கள்.

தனிப்பாட்டுகளின் மீதுதான் கடுமையான விமர்சனம் விழுகிறது, குறிப்பாகக் காலின்ஸ் எழுதிய இரண்டின் மீது. 'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' காத்திருந்து ஏமாந்த ஒருவனின் எளிய பாட்டு. அமெரிக்காவில் 14ஆம் இடம் பிடித்தது. 'ப்ளீஸ் டோன்ட் ஆஸ்க்' பிரிந்துபோன கணவன் மனைவியிடம் பேசும் பேச்சு, பிள்ளையைப் பிரிந்த தகப்பனின் வலி அதில் மறைக்கப்படாமல் இருக்கிறது. ராட்சதர்களும் தேவதைகளும் உலாவிய இடத்தில் உடைந்த குடும்பத்தின் புலம்பலா என்று ரசிகர்கள் கேட்டார்கள். கதைமாந்தரின் முகமூடி அணிந்து பாடுவது ஓர் உயர்ந்த கலை, கேப்ரியல் அதில் பெரிய கலைஞர். ஆனால் முகமூடி இல்லாமல் நிற்பதற்கும் துணிச்சல் வேண்டும். பத்தாண்டுக் காலம் தங்களைப் பற்றி அதிகம் சொல்லாமல் பாடிய குழுவில், நான் என்ற சொல் உண்மையாகவே பாடுபவரைக் குறிக்கத் தொடங்கியது ஒரு புதிய கடினம். அந்தப் பாட்டுகளைக் காலின்ஸ் குழுவின்மேல் திணிக்கவில்லை. வீட்டில் பதிந்து வைத்திருந்தவற்றிலிருந்து பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே, ஒரு தனி மனிதரின் பாப் ஆசை குழுவைக் கெடுத்தது என்ற பரவலான கதைக்கு ஆதாரம் குறைவு.

இந்தக் கதையைச் சோதிக்க வசதியான ஒரு சான்றைக் காலின்ஸே விட்டுச் சென்றிருக்கிறார். 'ட்யூக்' வந்து ஓராண்டுக்குள், 1981 பிப்ரவரியில் அவருடைய முதல் தனி ஆல்பமான 'ஃபேஸ் வேல்யூ' வெளிவந்தது. அதிலும் 'பிஹைண்ட் தி லைன்ஸ்' இருக்கிறது. அதே மெட்டுதான், சொற்களும் அவையேதான். ஜெனிசிஸ் வடிவில் அது நீண்ட முன்னுரையோடு, கனத்த கீபோர்டு அடுக்குகளோடு, ஒரு பெரிய கதையின் வாயிலாக நிற்கிறது. தனி வடிவில் முன்னுரை போய்விட்டது, வேகம் கூடிவிட்டது, பித்தளைக் குழல்கள் துள்ளுகின்றன, ஆட்டத்துக்கு ஏற்ற சோல் பாட்டாகிவிட்டது. காலின்ஸின் தனி ரசனை எங்கே இழுத்தது, மூவரும் கூடியபோது இசை எங்கே நின்றது என்பதை இந்த இரண்டு பதிவுகளும் அருகருகே காட்டிவிடுகின்றன. 'ட்யூக்' ஏற்கெனவே பாப்பாகிவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டால் போதும்.

வலுவான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது. அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டாமா? 1981இல் வந்த 'அபகாப்' பழைய பழக்கங்களை வேண்டுமென்றே துறந்த ஆல்பம், அதன் பயணத்தின்போது நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். 1986இல் வந்த 'இன்விசிபிள் டச்' ஆல்பத்திலிருந்து ஐந்து பாட்டுகள் அமெரிக்கப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. அங்கே போய்ச் சேர்ந்த பாதையின் தொடக்கம் 'ட்யூக்' இல்லையா? பாதை அது வழியாகப் போனது என்பதை மறுக்க முடியாது, பிற்காலப் பாட்டுகளில் சில மெலிந்தவை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் செய்ததற்குப் பெற்றோரைத் தண்டிப்பதைப் போன்ற தீர்ப்பு இது. 1980இல் அந்த மூவர் முன்னால் பல வழிகள் திறந்திருந்தன, 'ட்யூக்' அவற்றில் எதையும் கட்டாயமாக்கவில்லை. பின்னால் வந்ததும் முழுக்க மெலிந்துவிடவில்லை. அதே 'இன்விசிபிள் டச்' ஆல்பத்தில் பத்து நிமிடத்தைத் தாண்டும் 'டொமினோ' இருக்கிறது. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 1986 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது, அடுத்த வாரமே அதை இறக்கிவிட்டு ஏறியது கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹேமர்'. கலையின் காவலர் என்று கருதப்பட்டவரும் சந்தைக்குப் போனவர்கள் என்று தூற்றப்பட்டவர்களும் ஒரே படிக்கட்டில்தான் நின்றார்கள். பரந்த கூட்டத்தோடு பேச விரும்பியது ஒரு மனிதரின் பலவீனமாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

பணம்தான் காரணம் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பணம் ஒரு காரணமாக இருந்திருக்கும். கேப்ரியல் விலகிய நேரத்தில், அத்தனை புகழுக்கும் பின்னால், குழு கடனில்தான் இருந்தது. உழைத்த இசைக்கலைஞர்கள் அதற்குக் கூலி எதிர்பார்ப்பதில் தவறில்லை. கேட்க வேண்டியது, சந்தைக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைத்தான். அதே காலத்தில் இதே நெருக்கடியைச் சந்தித்த மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் விடை தெளியும். எமர்சன் லேக் அண்ட் பாமர் 1978இல் வெளியிட்ட 'லவ் பீச்' ஒப்பந்தக் கட்டாயத்தில், மனமில்லாமல் செய்த ஆல்பம். எளிமை அங்கே களைப்பாகவே ஒலிக்கிறது, விரைவில் குழுவும் கலைந்தது. கனடாவின் ரஷ் குழு 1980 ஜனவரியில் வெளியிட்ட 'பெர்மனன்ட் வேவ்ஸ்' வேறு ரகம். வானொலியின் மகிழ்ச்சியையும் அதன் வணிகத்தையும் பேசும் துடிப்பான பாட்டோடு தொடங்கி, ஒன்பது நிமிடப் பாட்டோடு முடிகிறது. சுருக்கத்தை ஒரு புது ஒழுக்கமாக ஏற்றவர்கள் அவர்கள். ஜெனிசிஸ் இந்த இரண்டாவது வகை. ஆல்பத்தின் அட்டையே அதைச் சொல்கிறது. 'ஃபாக்ஸ்ட்ராட்' காலத்துக் கனவுச் சித்திரங்கள் போய், பிரெஞ்சு ஓவியர் லியோனெல் கெஷ்லன் குழந்தைகளுக்கான அகரவரிசைப் புத்தகத்துக்காக வரைந்த உருண்டைத் தலை ஆல்பர்ட் வந்து நிற்கிறான். ஆரம்பப் பாடப் புத்தகத்தின் எளிய கோடு, அதற்குள் ஒரு தனிமை. உள்ளே இருக்கும் இசைக்கும் இதுதான் இலக்கணம்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்த வாதம் நேர்மையாகாது. ஹேக்கெட்டின் கிட்டார் தந்த நுண்ணிய நிறங்கள் இந்த ஆல்பத்தில் இல்லை. ரதர்ஃபோர்டு பேஸ் கிட்டாரையும் முன்னணிக் கிட்டாரையும் சேர்த்தே சுமக்கிறார், சில இடங்களில் அந்தச் சுமை கேட்கிறது. பன்னிரு தந்திக் கிட்டார்கள் நெய்த பழைய மெல்லிய பரப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'அலோன் டுநைட்' போன்ற பாட்டு யாரும் எழுதியிருக்கக்கூடியது, தொடரின் பகுதிகளுக்கு நடுவில் அது வெளிறித் தெரிகிறது. பழைய ரசிகர்கள் எதையோ இழந்ததாக உணர்ந்தது பொய்யில்லை. அவர்கள் இழந்தது ஓர் ஒலியுலகம், அதற்காக வருந்த அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த வருத்தத்தை நாணயக்கேடு என்ற குற்றச்சாட்டாக மாற்றும்போதுதான் அவர்கள் தவறுகிறார்கள். ஒன்று போனதால் வந்தது போலியாகிவிடாது.

குழுவினர் இந்த ஆல்பத்தை எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதற்கு அவர்களுடைய மேடையே சாட்சி. 2007இல் மூவரும் மீண்டும் கூடியபோதும், 2022 மார்ச்சில் லண்டனில் முடிந்த கடைசிப் பயணத்திலும், 'பிஹைண்ட் தி லைன்ஸ்' தொடக்கத்தையும் 'ட்யூக்ஸ் எண்ட்'டையும் இணைத்து வாசித்துவிட்டு, அங்கிருந்து 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பாட்டுக்குப் போனார்கள். உடல் தளர்ந்து டிரம்ஸ் வாசிக்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்து பாடிய காலின்ஸுக்கு, அந்தக் கடைசிப் பயணத்தில் டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய மகன். 23 நிமிடப் பாட்டின் ரசிகரும் 1986இன் வானொலி ரசிகரும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்க, இருவரையும் சேர்த்து வரவேற்கத் தகுந்த இசையாக அவர்கள் எடுத்தது இதைத்தான்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஆல்பத்தை அதன் வரிசையிலேயே முதலில் கேளுங்கள். மறுநாள் அந்த ஆறு பகுதிகளையும் மேடையில் வாசித்த வரிசையில் வைத்துக் கேளுங்கள். இரண்டாம் முறை கட்டுமானம் முழுதாகத் தெரியும், ஆனால் 'கைடு வோகல்' திரும்பி வரும் இடத்தில் முதல்நாள் ஏற்பட்ட சிலிர்ப்பு சற்றுக் குறைந்திருக்கும். கட்டடத்தைக் காட்டிக்கொண்டிருப்பதா, அதற்குள் ஒருவரைக் குடியிருக்க வைப்பதா என்ற கேள்விக்கு அந்த மூவர் 1979இன் குளிர்காலத்தில் என்ன விடை கண்டார்கள் என்பது, அந்த இரண்டு கேட்டல்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் உங்களுக்கே புலப்படும்.